ஓடும் முன் நிற்கக் கற்போம்: காயத்தைத் தடுக்கும் 20 நிமிடங்கள்

பள்ளி முடிந்த பிற்பகல். மாவட்டப் போட்டிக்கு இன்னும் இரண்டு வாரம்தான் இருக்கிறது. திடலை இரண்டு சுற்று சுற்றி வருகிறார்கள். வட்டமாக நின்று பத்து வரை எண்ணிக்கொண்டே கையையும் காலையும் நீட்டி மடக்குகிறார்கள். பாதிப் பேர் அரட்டையில் இருக்கிறார்கள். பிறகு நேராக ஆட்டம் தொடங்குகிறது. பத்தாவது நிமிடத்தில் ஒரு மாணவி பந்தைப் பிடிக்கத் துள்ளுகிறாள், ஒற்றைக் காலில் தரையிறங்குகிறாள், முழங்காலைப் பிடித்துக்கொண்டு சரிகிறாள். ஓடி வரும் தோழிகள் சொல்வது ஒன்றுதான்: “யாரும் இடிக்கவே இல்லையே, டீச்சர்!”

கிள்ளானிலும் கோலாலம்பூரிலும் பள்ளி விளையாட்டில் ஈடுபடும் மாணவர்களுக்கு இது புதிய காட்சி அல்ல. ஆனால் அந்த வாசகத்தை நாம் கூர்ந்து கவனிப்பதில்லை. யாரும் இடிக்காமலே முழங்கால் எப்படிக் கிழிந்தது? இந்தக் கேள்விக்கு விளையாட்டு மருத்துவம் தெளிவான பதில் வைத்திருக்கிறது. அந்தப் பதிலில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. இத்தகைய காயங்களில் கணிசமானவற்றைத் தடுக்க முடியும். அதற்கு விலை உயர்ந்த காலணியோ கருவியோ வேண்டாம். எப்படி நிற்கிறோம், எப்படித் திரும்புகிறோம், எப்படித் தரையிறங்குகிறோம் என்பதைத் திருத்திக்கொண்டால் போதும்.

எதிரி இல்லாத காயம்

முழங்காலுக்குள் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் இணைத்துக் கட்டியிருக்கும் தசைநார்களில் ஒன்று ஏ.சி.எல். கீழ்க்கால் எலும்பு முன்னால் நழுவாமலும் அளவுக்கு மீறி முறுக்கிக்கொள்ளாமலும் காப்பது அதன் வேலை. காற்பந்து, வலைப்பந்து, கூடைப்பந்து போன்ற ஆட்டங்களில் ஏ.சி.எல். கிழிவுகளில் பெரும்பாலானவை எதிராளி மோதி ஏற்படுவதில்லை. வேகமாக ஓடி வந்து சட்டென்று நிற்கும்போது, திசை மாறும்போது, துள்ளி இறங்கும்போது ஏற்படுகின்றன.

அந்த நொடியில் நடப்பது இதுதான். பாதம் தரையில் ஊன்றுகிறது. முழங்கால் போதுமான அளவு மடங்காமல் விறைப்பாக நிற்கிறது. இடுப்புத் தசைகள் காலைத் தாங்கிப் பிடிக்காததால் முழங்கால் உள்பக்கமாகச் சாய்கிறது. உடம்பு ஒரு திசையில் திரும்ப, பாதம் வேறு திசையில் பதிந்திருக்கிறது. சாதாரணமாக ஓடும்போதே ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப் போல் இரண்டு மூன்று மடங்கு விசையைக் கால் தாங்குகிறது. துள்ளி இறங்கும்போது அது இன்னும் கூடும். தசைகள் ஏற்க வேண்டிய அந்தச் சுமை முழுவதும் மெல்லிய ஒரு தசைநார் மீது விழுந்தால், அது தாங்காது.

மாணவிகள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ஒரே விளையாட்டை ஆடினாலும், பருவமடைந்த பிறகு பெண்களுக்கு ஏ.சி.எல். கிழியும் அபாயம் ஆண்களைவிட இரண்டு மடங்குக்கும் அதிகம். உடலமைப்பு ஒரு காரணம். அதை மாற்ற முடியாது. கால்களை விறைப்பாக வைத்து, முழங்கால் உள்ளே சாயத் தரையிறங்கும் பழக்கம் இன்னொரு காரணம். அதை மாற்ற முடியும்.

காயம் பட்டால் என்ன இழப்பு என்பதை விளையாட்டு மாணவர்கள் அறிவார்கள். ஏ.சி.எல். அறுவை சிகிச்சைக்குப் பிறகு திடலுக்குத் திரும்பக் குறைந்தது 9 மாதங்கள் காத்திருக்கச் சொல்கிறார்கள் மருத்துவர்கள். படிவம் 4-இல் காயப்பட்டால் எஸ்.பி.எம். ஆண்டும் சேர்ந்து போகும். மாநில அணித் தேர்வு, சுக்மா கனவு, விளையாட்டுப் பள்ளியில் ஓர் இடம், பல்கலைக்கழக நுழைவுக்குக் கைகொடுக்கும் 10 விழுக்காட்டுப் புறப்பாட மதிப்பெண் என எல்லாமே ஒரு முழங்காலில் தொங்குகின்றன. வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைக்கு விளையாட்டுதான் ஏணி என்றால், அந்த இழப்பு இன்னும் பெரிது.

எல்லாக் காயத்தையும் தடுத்துவிட முடியுமா? முடியாது. நம் ஸ்குவாஷ் வீராங்கனை எஸ். சிவசங்கரி 2022 ஜூனில் கார் விபத்தில் சிக்கிக் கழுத்து எலும்பு முறிந்து, பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டியைத் தவறவிட்டார். அடுத்த ஆண்டே ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஒற்றையர் தங்கம் வென்றார். அவரது விபத்தை எந்தப் பயிற்சியாலும் தடுத்திருக்க முடியாது. அப்படிப்பட்டதை நேரம் சரியில்லை என்று சொல்லலாம். ஆனால் தவறாகத் தரையிறங்கும் பழக்கத்தால் வரும் காயத்தையும் அதே கணக்கில் எழுதிவிட்டு நாம் சும்மா இருப்பதுதான் தவறு.

நோர்வே மாணவிகள் காட்டிய வழி

இதைச் சோதித்துப் பார்த்த நாடு நோர்வே. அனைத்துலகக் காற்பந்துச் சம்மேளனமான ஃபிஃபாவின் மருத்துவ ஆய்வு மையம், ஓஸ்லோ விளையாட்டுக் காய ஆய்வு மையம், அமெரிக்காவின் சாண்டா மோனிகா எலும்பியல் அறக்கட்டளை ஆகியவை சேர்ந்து 2006-இல் ஓர் உடல் சூடேற்றும் பயிற்சித் தொகுப்பை உருவாக்கின. அதன் பெயர் ‘ஃபிஃபா 11 பிளஸ்’.

பிறகு நோர்வேயின் 125 காற்பந்து மன்றங்களைச் சேர்ந்த 13 முதல் 17 வயது வரையிலான 1,892 பெண் பிள்ளைகளை ஒரு பருவம் முழுவதும் கண்காணித்தார்கள். குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்ட மன்றங்களில் ஒரு பகுதி புதிய பயிற்சியைச் செய்தது. மற்றவை வழக்கம்போல் விளையாடின. 2008-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் இதழில் முடிவு வெளியானது. பயிற்சி செய்த அணிகளில் மொத்தக் காயங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தன. கடுமையான காயங்கள் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தன. அளவுக்கு மீறிய பயன்பாட்டால் வரும் நாட்பட்ட வலிகளும் பாதிக்கு மேல் குறைந்தன.

இந்த ஆய்வுக்குத் தொடர்ச்சியாக வந்த கணக்கீடு இன்னொன்றையும் சொன்னது. பயிற்சியை விடாமல் அடிக்கடி செய்த அணிகளுக்கே பலன் அதிகம். பெயருக்குச் செய்தவர்களுக்கு அந்த அளவு பலன் கிட்டவில்லை.

கவனியுங்கள், ஆய்வில் கலந்துகொண்டவர்கள் தொழில்முறை வீராங்கனைகள் அல்லர். உங்கள் வயதுப் பிள்ளைகள்.

20 நிமிடத்தில் என்ன செய்கிறார்கள்?

இந்தத் தொகுப்பில் 15 பயிற்சிகள், மூன்று பகுதிகள். மொத்தம் 20 நிமிடம். வாரத்தில் குறைந்தது இரண்டு முறை, பயிற்சி தொடங்கும் முன் செய்ய வேண்டும்.

முதல் பகுதி 8 நிமிடம். மெதுவோட்டம், ஓடும்போதே இடையிடையே நின்று முழங்காலைத் தூக்கி இடுப்பை வெளிப்புறமும் உட்புறமும் சுழற்றுவது, இணையரைச் சுற்றி வருவது, தோளோடு தோள் துள்ளி இடித்து இறங்குவது, முன்னும் பின்னும் விரைந்து ஓடுவது என ஆறு பயிற்சிகள்.

இரண்டாம் பகுதி 10 நிமிடம். இதுதான் தொகுப்பின் உயிர்நாடி. தொடக்க நிலையில் செய்ய வேண்டியவை:

1. முன்கைகளையும் கால்விரல்களையும் ஊன்றி, உடம்பைப் பலகைபோல் நேராகப் பிடித்தல். 20 முதல் 30 விநாடி, மூன்று முறை.

2. அதையே பக்கவாட்டில், ஒரு முன்கையை ஊன்றிச் செய்தல். ஒவ்வொரு பக்கமும் மூன்று முறை.

3. மண்டியிட்டு நின்று, தோழர் கணுக்காலை அழுத்திப் பிடித்துக்கொள்ள, முதுகு வளையாமல் மெல்ல முன்னால் சாய்தல். பின்தொடைத் தசை தாங்கும் வரை சாய்ந்து, பிறகு கையூன்றிக்கொள்ளலாம். 3 முதல் 5 முறை போதும். வேக ஓட்டக்காரர்களைப் படுத்தும் பின்தொடைத் தசைக் கிழிவுக்கு இதைப் போன்ற தடுப்பு வேறில்லை.

4. ஒற்றைக் காலில் 30 விநாடி நிற்றல். ஒவ்வொரு காலுக்கும் இரண்டு முறை.

5. நாற்காலியில் உட்காரப் போவதுபோல் முழங்காலை மடக்கி எழுந்து, முடிவில் நுனிக்காலில் நிற்றல். 30 விநாடி, இரண்டு முறை.

6. மேலே துள்ளி, சத்தமில்லாமல் மெத்தென்று தரையிறங்குதல். 30 விநாடி, இரண்டு முறை.

இவை எளிதாகிவிட்டால் அடுத்தடுத்த நிலைகளுக்குப் போகலாம். மூன்றாம் பகுதி 2 நிமிட விரைவோட்டம்: திடலின் குறுக்கே வேகமாக ஓடுதல், நீள அடி வைத்துத் துள்ளி ஓடுதல், ஓடிக்கொண்டே காலை ஊன்றித் திசை மாறுதல்.

எல்லாப் பயிற்சிக்கும் பொதுவான விதி ஒன்று உண்டு. இடுப்பு, முழங்கால், பாதம் மூன்றும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். முழங்கால் உள்ளே சாயக் கூடாது. இதைத் தோழர் ஒருவர் எதிரில் நின்று பார்த்துச் சொல்ல வேண்டும். எண்ணிக்கையை முடித்துவிட்டோம் என்பதில் பயனில்லை. சரியாகச் செய்தோமா என்பதே கணக்கு.

நாம் பழகியிருப்பது இதற்கு நேர்மாறானது. உடற்கல்வி வகுப்பில் நடக்கும் ‘செகாக்’ சோதனையை நினைத்துப் பாருங்கள். பலகையில் ஏறி இறங்கி, தண்டால் எடுத்து, வயிற்றை மடக்கி எழுந்து, கடைசியில் நாம் கேட்பது “உனக்கு எத்தனை?” என்பதுதான். உடல் உறுதியை அளக்க எண்ணிக்கை தேவைதான். ஆனால் முழங்கால் உள்ளே சாய 20 முறை உட்கார்ந்து எழுபவரைவிட, திருத்தமாக 10 முறை செய்பவரின் முழங்கால்தான் பத்திரமானது.

பிரிக்பீல்ட்ஸ் நடன வகுப்பில் ஒரு பாடம்

எண்ணிக்கைக்கு முன் திருத்தம் என்பது நம் சமூகத்துக்குப் புதிய கருத்தல்ல. 1981-இல் தொடங்கப்பட்டு, பிரிக்பீல்ட்ஸில் இயங்கும் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் போன்ற கலைக்கூடங்களில் பரதம் பயின்றவர்களைக் கேளுங்கள். முதலில் கற்பிக்கப்படுவது அரைமண்டி. முழங்காலை மடக்கி, இரண்டு முழங்கால்களும் பாதத்தின் திசையிலேயே வெளிநோக்கி இருக்க, முதுகை நிமிர்த்தி அமரும் நிலை அது. பிறகு தட்டடவை முதல் காலத்தில் மெதுவாகப் பழக வேண்டும். நிலை கலையாமல் செய்த பிறகே இரண்டாம் காலம், அதன் பிறகே மூன்றாம் காலம். அரைமண்டி எழும்பிவிட்டால் தட்டுக்கழியின் ஓசை நின்றுவிடும். வேகம் கேட்டாலும் ஆசிரியர் தரமாட்டார்.

விளையாட்டு மருத்துவர்கள் சொல்லும் இலக்கணமும் இதுவே. முழங்காலும் பாதமும் ஒரே திசை, முதலில் மெதுவாக, பிறகு வேகமாக. இடுப்பு திரும்பாமல் பாதத்தை மட்டும் வலிந்து வெளியே திருப்பும் நடன மாணவிக்கு முழங்கால் வலி வருவதும் இதே காரணத்தால்தான். சிலம்பம் பயில்பவர்களும் கோலைச் சுழற்றுவதற்கு முன் காலடி வரிசையைப் பழகுகிறார்கள். இந்தப் பொறுமையைக் காற்பந்துத் திடலுக்கும் வலைப்பந்து ஆடுகளத்துக்கும் கொண்டு செல்ல வேண்டும், அவ்வளவுதான்.

திருத்தினால் வேகம் குறையுமா?

“காலை இப்படி வை, அப்படி இறங்கு என்று யோசித்துக்கொண்டிருந்தால் ஆட்டம் போய்விடும்” என்று சில மாணவர்கள் தயங்குவார்கள். இவர்கள் அறிய வேண்டிய பெயர் டென்னிஸ் லில்லி.

ஆஸ்திரேலியாவின் அதிவேகப் பந்துவீச்சாளரான லில்லிக்கு 1973-இல் மேற்கிந்தியத் தீவுகள் பயணத்தில் முதுகெலும்பில் அழுத்த முறிவு ஏற்பட்டது. ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் விழும் சுமையால் எலும்பில் உண்டாகும் விரிசல் அது. ஆட்ட வாழ்க்கை முடிந்தது என்று பேசப்பட்ட நிலையில், அவர் மாதக்கணக்கில் உடலை வலுப்படுத்தி, பந்துவீச்சு முறையையும் செம்மைப்படுத்திக்கொண்டு 1974 இறுதியில் இங்கிலாந்துக்கு எதிராகத் திரும்பினார். அந்தத் தொடரில் 25 விக்கெட்டுகள் எடுத்தார். 1984-இல் ஓய்வு பெறும்போது அவரது 355 டெஸ்ட் விக்கெட்டுகள் உலகச் சாதனையாக இருந்தன.

தாம் பட்டுக் கற்றதை அவர் சென்னைக்குக் கொண்டுவந்தார். 1987-இல் அங்கு தொடங்கப்பட்ட எம்.ஆர்.எஃப். வேகப்பந்துப் பயிற்சி மையத்தில் பல ஆண்டுகள் தலைமைப் பயிற்றுநராக இருந்து, இளம் பந்துவீச்சாளர்களின் ஓட்டத்தையும் தோள் திரும்பும் விதத்தையும் திருத்தினார். இடுப்பு ஒரு திசையிலும் தோள் வேறு திசையிலும் முறுக்கிக்கொள்ளும் பந்துவீச்சு முறை முதுகெலும்பை முறிக்கும் என்பது இன்று கிரிக்கெட் பயிற்சியின் அரிச்சுவடி. தமிழக வீரர் எல். பாலாஜியும் முதுகில் அழுத்த முறிவு கண்டு, அறுவை சிகிச்சைக்குப் பிறகு பந்துவீச்சு முறையை மாற்றிக்கொண்டு திரும்பியவர்தான். 2008 மே மாதம் சேப்பாக்கத்தில் ஐ.பி.எல். வரலாற்றின் முதல் ஹாட்ரிக் அவர் கையிலிருந்து வந்தது.

காரணம் எளிது. உங்களைச் சரியாக நிறுத்தும் தசைகளே உங்களை வேகமாகக் கிளப்பவும் செய்கின்றன. ஓடும்போது பாதம் உடம்புக்கு வெகு முன்னால் ஊன்றினால், ஒவ்வோர் அடியும் சிறு பிரேக் பிடிப்பதற்குச் சமம். திரும்பும்போது முழங்கால் உள்ளே சாய்ந்தால், தரையை உதைக்க வேண்டிய விசை மூட்டில் வீணாகிறது. அசைவு திருந்தினால் காயமும் குறையும், அந்த விசையும் மிச்சமாகும்.

கைப்பேசியே கண்ணாடி

உங்கள் அசைவு எப்படி இருக்கிறது என்று இன்று மாலையே பார்க்கலாம். கைப்பேசியை முழங்கால் உயரத்தில் வைத்து, முன்னாலிருந்து படம் பிடியுங்கள். மூன்று சோதனைகள்:

ஒன்று, ஒற்றைக் காலில் நின்று மெதுவாகப் பாதி உட்கார்ந்து எழுங்கள். முழங்கால் கட்டை விரலைத் தாண்டி உள்ளே போகிறதா? இடுப்பு ஒரு பக்கம் சரிகிறதா?

இரண்டு, ஒரு படிக்கட்டு உயரத்திலிருந்து இரு கால்களாலும் குதித்து இறங்குங்கள். முழங்கால்கள் ஒன்றையொன்று நெருங்குகின்றனவா? ‘தொப்’ என்று சத்தம் கேட்கிறதா?

மூன்று, ஒற்றைக் காலில் 30 விநாடி நில்லுங்கள். இரண்டு கால்களுக்கும் வித்தியாசம் தெரிகிறதா? முன்பு சுளுக்கிய கணுக்காலில் ஆட்டம் அதிகமாக இருந்தால் வியப்பில்லை. ஒரு முறை சுளுக்கிய கணுக்கால் மீண்டும் சுளுக்கும் வாய்ப்பு அதிகம். வீக்கம் வடிந்தாலும் சமநிலை தானாகத் திரும்பிவிடாது. அதைப் பயிற்சியால்தான் மீட்க வேண்டும்.

இது மருத்துவப் பரிசோதனை அல்ல. எதில் கவனம் தேவை என்று காட்டும் ஒரு கண்ணாடி. ஆறு வாரம் பயிற்சி செய்துவிட்டு மீண்டும் படம் பிடித்து ஒப்பிடுங்கள்.

வலியை மறைக்காதீர்கள்

எவ்வளவு அழகாக அசைந்தாலும், ஓய்வில்லாத உடம்பு காயப்படும். ஒரு மாதம் சும்மா இருந்துவிட்டு, போட்டி வந்ததும் தினமும் மூன்று மணி நேரம் ஆடுவது ஆபத்து. பயிற்சியின் அளவைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். பள்ளி அணி, மன்ற அணி, வார இறுதிப் போட்டி என்று மூன்று இடத்தில் ஆடுபவர்கள் அதை ஒவ்வொரு பயிற்றுநரிடமும் சொல்லுங்கள். தேர்வுக் காலத்தில் தூக்கத்தைக் குறைத்துக்கொண்டு திடலில் மட்டும் முழு வேகம் காட்ட முடியாது.

அணியில் இடம் போய்விடுமே என்று வலியை மறைப்பது நம் மாணவர்களிடம் உள்ள வழக்கம். காயப்படும்போது ‘டப்’ என்று சத்தம் கேட்டாலோ, ஓரிரு மணி நேரத்துக்குள் முழங்கால் வீங்கினாலோ, நான்கு அடி கூட ஊன்றி நடக்க முடியாவிட்டாலோ மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். சுளுக்குதானே என்று முதல் இரண்டு மூன்று நாளுக்குள் எண்ணெய் தேய்த்து அழுத்தி உருவுவது வீக்கத்தைக் கூட்டும். எலும்பு முறிந்திருந்தால் நிலைமை மோசமாகும். ஆட்டத்தை நிறுத்தி, துணியில் சுற்றிய பனிக்கட்டியை 10 முதல் 20 நிமிடம் வைத்து, காலை உயர்த்தி வைப்பதே முதல் உதவி.

நாளையே தொடங்கலாம்

பள்ளி அணிகளைப் பயிற்றுவிக்கும் ஆசிரியர்கள் பலர் பாடமும் நடத்தி, கோப்பும் பார்த்து, மாலையில் திடலுக்கும் வருபவர்கள். எல்லாவற்றையும் அவர்கள்மேல் சுமத்துவது நியாயமில்லை. அணித் தலைவர் பொறுப்பேற்கலாம். 15 பயிற்சிகளையும் ஒரு தாளில் எழுதி எல்லாருக்கும் பகிரலாம். இருவர் இருவராகப் பிரிந்து, ஒருவர் செய்ய மற்றவர் முழங்காலைக் கவனிக்கலாம். உயர்கல்வி மாணவர்கள் தாங்கள் படித்த பள்ளியின் அணிக்கு வாரம் ஒரு மாலை சென்று இதைக் கற்றுக் கொடுக்கலாம்.

“இருபது நிமிடம் வீணாகிறதே” என்று யாராவது சொன்னால், கணக்கைச் சொல்லுங்கள். வாரம் இரண்டு முறை என்றால் 40 நிமிடம். ஓர் ஆண்டு முழுக்கச் செய்தாலும் 35 மணி நேரத்தை எட்டாது. கிழிந்த முழங்கால் கேட்பதோ 9 மாதம்.

அடுத்த முறை திடலில் இறங்கும்போது, இரண்டு சுற்று ஓடி முடித்ததும் உடனே பந்தை எடுக்காதீர்கள். முதலில் ஒற்றைக் காலில் 30 விநாடி நின்று பாருங்கள். எதிரில் நிற்கும் தோழரின் முழங்காலையும் பாருங்கள். உள்ளே சாய்ந்தால் சொல்லுங்கள். அவர் அடுத்த ஆண்டும் உங்கள் அணியில் ஆட வேண்டுமல்லவா?